மேல்மாடிக்கு ஒரு படிக்கட்டு

ஸுமைராவுக்குக் கல்யாணம் பேசி முடித்ததும் வீட்டில் மேல்மாடிப் பேச்சு தொடங்கியது. கேகாலை டவுனைத் தாண்டி, ரப்பர் தோட்டத்து விளிம்பில் இருந்த அந்த வீட்டை ஸாஹிராவுக்கு அவளுடைய வாப்பா கட்டிக் கொடுத்திருந்தார். இப்போது ஸாஹிராவும் கணவர் லாபிரும் தங்கள் மகளுக்கு அதன் மேலேயே ஒரு வீடு கட்டிக் கொடுக்க நினைத்தார்கள். பின்னாளில் மாடி எழுப்பலாம் என்று வாப்பா அன்றைக்கே தூண்களைக் கனமாகப் போட்டு வைத்திருந்தார். இஞ்சினியர் ஒருவர் வந்து பார்த்து, தாங்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஸுமைரா போனில் ஒரு வீட்டு டிசைன் செயலியை இறக்கி, தானே மாடியை வரைந்தாள். சோபா, திரைச்சீலை, பூச்சாடி எல்லாம் அழகாக வந்தன. மாடி கட்ட வந்திருந்த மேசன் பாஸ் அதை வாங்கிப் பார்த்தார். கீழிருந்து ஏறிய படிக்கட்டு மேலே குளியலறைக்குள் போய் முடிந்தது.

"மேக்க ஹதன்ன பே, நோனா" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்துக்கொண்டே போனைத் திருப்பிக் கொடுத்தார். இதைக் கட்ட முடியாதாம். கீழ்வீட்டின் ப்ளேன் இருந்தால் கொடுங்கள், அதற்கு மேல் வரைந்தால்தான் சரிவரும் என்றார்.

ப்ளேன் காகிதத்தைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. அலுமாரியின் அடியில் ஒரு சீடி மட்டும் கிடைத்தது. ஸாஹிரா அன்று மாலையே எஹலியகொடையில் இருக்கும் தோழி விஜயகலாவுக்குப் போன் போட்டாள்.

"கலா, எங்கட வீட்டு ப்ளேன் சீடியில ஈக்கிது. ஸுமைராட லெப்டொப்ல போட்டுப் பாத்த. தொறக்குதில்லடி."

"ஒண்ணும் அமுக்காத. அப்படியே வையி. ஞாயித்துக்கெழம நானே வாறேன்" என்றாள் விஜயகலா.

விஜயகலாவுக்கு வரைபடம்தான் தொழில். எஹலியகொடை டவுனில் ஒரு சின்ன அறை எடுத்து, சுற்றுவட்டாரத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கெல்லாம் ப்ளேன் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு காலை லெப்டொப்பையும் அளவு நாடாவையும் பையில் போட்டு, ஒரு சீப்புக் கோழிக்கூட்டு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். அவிசாவளையில் பஸ் மாறி உட்கார்ந்த பிறகு, ஜன்னலுக்கு வெளியே ஓடிய ரப்பர் மரங்களைப் பார்த்தபடி தானும் ஸாஹிராவும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்ட புவாட்டின் ஆபீஸை நினைத்துக்கொண்டாள்.

இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய கதை அது. எஹலியகொடையில் டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் புவாட் நானா கொன்ட்ராக்ட் ஆபீஸ் வைத்திருந்தார். ஸாஹிரா டவுன் பிள்ளை. விஜயகலா மேலே தோட்டத்தில் இருந்து இறங்கி வருகிறவள். கம்ப்யூட்டர் கோர்ஸ் ஒன்றை ஒன்றாக முடித்துவிட்டு, ஒரே நாளில் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். இருந்ததோ ஒரே ஒரு கம்ப்யூட்டர்.

"ரெண்டு பேருக்கு ஒரு மெசின். சண்ட புடிக்காம வரைங்க" என்றார் புவாட் நானா.

முதல் வாரம் முறைவைத்து உட்கார்ந்தார்கள். அது சரிப்படவில்லை. ஒருத்தி வரையும்போது மற்றவள் சும்மா இருக்கமாட்டாள், அதை அமுக்கு, இதை அமுக்கு என்பாள். கடைசியில் இரண்டு நாற்காலிகளையும் ஒட்டிப் போட்டு, விஜயகலா கீபோர்டையும் ஸாஹிரா மவுஸையும் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி கட்டளையை அடிப்பாள், மற்றவள் கோட்டை இழுப்பாள். கொஞ்ச நாளில் பேச்சுகூடத் தேவைப்படவில்லை. ஸாஹிராவின் கை சுவரின் முனைக்குப் போவதற்குள் விஜயகலாவின் விரல் அடுத்த எழுத்தில் இருக்கும். நேர்கோட்டுக்கு எப் எட்டு விசை, முனையைப் பிடிக்க எப் மூன்று. வாடிக்கையாளர்கள் படியேறி வந்து, ப்ளேனை விட்டுவிட்டு இவர்களை வேடிக்கை பார்த்ததும் உண்டு.

கரண்ட் அடிக்கடி போகும். மேசைக்கு அடியில் இருக்கும் யூபிஎஸ் பெட்டி கூவென்று கத்தத் தொடங்கும். அது அடங்குவதற்குள் வரைந்ததைச் சேவ் பண்ணிவிட வேண்டும். சத்தம் கேட்டதும் இருவரும் ஒரே குரலில் "சேவ்!" என்று கத்துவார்கள். கீழே டைல்ஸ் கடைக்காரரும் பதிலுக்கு "சேவ்!" என்பார். பிறகு வெளிச்சம் வரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து பால் கலக்காத பிளேன்டி குடிப்பார்கள். விஜயகலாவுக்கு அந்த இருட்டு நேரங்கள்தான் இப்போதும் மனதில் இருந்தன. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசையில் ஒரே அறையில் வளர்ந்தவள் அவள். சாப்பிட ஓர் அறை, உட்கார ஓர் அறை, உடுப்பு மாற்ற ஓர் அறை என்று பிறருக்கு வரைந்துவிட்டு, அந்த அறைகளில் என்னென்ன வைக்கலாம் என்று ஸாஹிராவோடு பேசிக்கொண்டே இருப்பாள்.

அவர்கள் சேர்ந்து வரைந்த கடைசி வீடு ஸாஹிராவினுடையது. அதன்பிறகு அவள் கல்யாணமாகிக் கேகாலைக்குப் போனாள். மறுவாரம் விஜயகலா ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தபோது, கோடுகள் எல்லாம் கோணலாகப் போயின. புவாட் நானா பார்த்தும் பார்க்காததுபோல் நகர்ந்துவிட்டார்.

கேகாலையில் இறங்கி அவள் வீட்டுக்கு வந்தபோது, வாசலிலேயே லாபிர் காத்திருந்தார்.

"வாங்க தங்கச்சி. ரெண்டு நாளா இவ தூங்கல்ல. அந்த சீடியையே பாத்துக்கிட்டு ஈக்கிறா."

"நானா, என் லெப்டொப்புல மாட்டுறதுக்கு சீடி போடுற பெட்டி கெடச்சதா?"

"ஸ்டூடியோக்காரன்ட வாங்கி வந்த. ஈக்கிது."

மேசையில் விஜயகலாவின் லெப்டொப்பைத் திறந்து வைத்து, அந்தப் பெட்டியை மாட்டிச் சீடியைப் போட்டார்கள். ஸுமைரா பக்கத்தில் வந்து நின்றாள். கோப்பை நகலெடுக்கத் தொடங்கியதும், பாதியில் நின்று, பிழை என்றது. மறுபடியும் அதே இடத்தில் நின்றது. சீடியில் கீறல் விழுந்திருந்தது.

"போச்சி" என்றாள் ஸாஹிரா.

"இரு. இதே பேர்ல இன்னொண்ணு இருக்கு பாரு." விஜயகலா திரையைக் காட்டினாள். "நம்ம ஒவ்வொரு தடவ சேவ் பண்ணுறப்பவும், அதுக்கு முந்தினத மென்பொருள் தனியா எடுத்து வைக்கும். மறந்துட்டியா?"

அந்தக் கோப்பு முழுதாக நகலானது. பெயரின் கடைசி மூன்று எழுத்துகளை மட்டும் வரைபடக் கோப்பின் எழுத்துகளாக மாற்றினாள். அது திறந்தது. ஆனால் திரை வெறும் கறுப்பாக இருந்தது.

"ஒண்டும் இல்லயே ஆன்ட்டி" என்றாள் ஸுமைரா.

"எங்கயாவது மூலையில கெடக்கும்."

இஸெட் அடித்து, பிறகு ஈ அடித்தாள். எல்லாவற்றையும் திரைக்குள் கொண்டுவரும் கட்டளை அது. ஒரு மூலையில் எள்ளளவு புள்ளி தெரிந்தது, எதிர்மூலையில் ஒரு துண்டுக் கோடு. எப்போதோ கை தவறி எங்கோ தூரத்தில் விழுந்த கோடு, வீட்டைப் புள்ளியாக்கி வைத்திருந்தது. அதை அழித்துவிட்டு மறுபடி அடித்ததும் வீடு திரை நிறைய வந்தது.

ஸாஹிரா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

அறைகளின் பெயர் இருக்கவேண்டிய இடங்களில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் கிடந்தன. தமிழ் பேசுகிற வாடிக்கையாளர்களுக்குப் புவாட் நானா தமிழிலும் ஒரு பிரதி கொடுப்பார். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு இந்த மெசினில் இல்லை. விஜயகலா பழையவற்றையெல்லாம் ஒரு பென் டிரைவில் சேர்த்து வைத்திருந்தாள். எழுத்துருவை ஏற்றிவிட்டுத் திரும்பத் திறந்ததும் சமையலறை, படுக்கையறை, விறாந்தை என்று பெயர்கள் தமிழில் நின்றன. முன்பக்கத்துச் சின்ன அறையில் "ஸாஹிராவின் மேசை" என்று இருந்தது.

"அடியே" என்றாள் ஸாஹிரா, வாயைப் பொத்திக்கொண்டு.

அந்த அறையில் ஒரு கம்ப்யூட்டரும் மேசையும் போட்டு, வீட்டிலிருந்தே வரையப்போவதாக அப்போது அவள் சொல்லியிருந்தாள். இப்போது அங்கே மெத்தைகளும் அரிசி மூட்டையும் ஒரு பழைய தொட்டிலும் இருந்தன. யாரும் தடுக்கவில்லை. லாபிர் வருகிறவர்களிடமெல்லாம், "இது எங்கட வீட்டுக்காரி வரஞ்ச வீடு" என்றுதான் சொல்வார். பிள்ளை பிறந்தாள், வாப்பா படுக்கையில் விழுந்தார், வருடங்கள் போயின. அவ்வளவுதான்.

"வரையிறதுக்கு முந்தி, தெரிஞ்ச கதவு ஒண்ண அளந்து பாரு மகள். படத்துல உள்ள அளவும் அதுவும் ஒண்ணா இருந்தாத்தான் மத்தத நம்பலாம்" என்று விஜயகலா ஸுமைராவை அனுப்பினாள். வாசல் கதவு ஒத்துப்போனது. சமையலறைக்கு வந்தபோது அளவு இடித்தது. சுவர் படத்தில் இருந்த இடத்தில் இல்லை. இரண்டடி தள்ளி நின்றது.

"நாடாவ சரியா புடிச்சியா?"

"சரியாத்தான் புடிச்ச ஆன்ட்டி."

ஸாஹிராதான் மெதுவாகச் சொன்னாள். "அவ சரி. வாப்பா மாத்தின."

அத்திவாரத்துக்கு நூல் கட்டிய அன்று வாப்பா வந்து நின்று பார்த்தாராம். என் மகள் இந்த இடுக்கில் நின்றா சமைப்பாள் என்று கேட்டு, தன் கையாலேயே முளையைப் பிடுங்கிச் சமையலறை நூலைத் தள்ளி அடித்தாராம். சமையலறை பெரிதானது. அவள் மேசை போட நினைத்த முன்னறை சிறுத்தது.

"அண்டைக்கு அழுதன். வாப்பாக்குச் செல்லல்ல. அவர் எவ்வளவு சந்தோசமா நிண்டார் தெரியுமா?"

"எனக்கும் சொல்லலியேடி."

"ஒனக்குச் சென்னா நீயும் அழுவாய்."

விஜயகலா சிரித்துவிட்டாள். ஸாஹிராவும் சிரித்தாள். லாபிர் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு மவுஸையும் மேசையில் வைத்தார்.

"எங்கட கடையிலேர்ந்து எடுத்து வந்த. அந்த தடவுற பெட்டியில இவளுக்குச் சரிவராது."

ஸாஹிரா மவுஸைப் பிடித்தாள். விஜயகலா லெப்டொப்பின் கீபோர்டில் கை வைத்தாள். சுவரை நகர்த்த எஸ் அடித்தாள். ஸாஹிரா இடமிருந்து வலமாகக் கட்டம் போட்டாள். சுவர் பாதி நகர்ந்து, மூலை பிய்ந்துகொண்டது.

"மறந்துட்டன்டி."

"வலத்துல இருந்து இடத்துக்கு இழு. அப்பத்தான் தொட்ட கோடெல்லாம் சேந்து வரும்."

இரண்டாம் முறை சுவர், கதவு, ஜன்னல் எல்லாம் ஒன்றாய் நகர்ந்தன. அதன்பிறகு விஜயகலா ஒன்றும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஸாஹிராவின் கை முதலில் தயங்கியது, பிறகு வேகம் எடுத்தது. வாப்பா மாற்றிய சுவரை மாற்றினார்கள். பின்னால் சேர்த்த குளியலறையைச் சேர்த்தார்கள். ஸுமைரா நாடாவோடு ஓடி ஓடி அளவுகளைக் கத்தினாள். மதியச் சாப்பாட்டுக்குள் படமும் வீடும் ஒன்றாகிவிட்டன.

படிக்கட்டுதான் எங்கும் அடங்கவில்லை. ஹோலில் போட்டால் தலை இடித்தது. சமையலறைப் பக்கம் போட்டால் ஜன்னலை மறைத்தது. வெளியே போடலாமா என்று லாபிர் கேட்டார். கேகாலை மழையில் நனைந்துகொண்டா ஏறுவது என்றாள் ஸுமைரா. விஜயகலாவுக்கு ஓர் இடம் தெரிந்தது. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. 

ஸாஹிரா அந்த முன்னறையைச் சுற்றிக் கட்டம் போட்டாள். உள்சுவர், மேசை, நாற்காலி, பெயர் எல்லாம் புள்ளிக்கோடுகளாக மாறின.

"ஈ அடி" என்றாள். தனியாக அடித்தால் அது அழிக்கும் கட்டளை.

விஜயகலா ஈ அடித்தாள். என்டரில் விரல் நின்றது.

"ஸாஹிரா, இன்னொரு எடம் பாப்பமே."

"வேற எடம் இல்ல. நீ பாத்துட்டுத்தான் வாய மூடிக்கிட்டு ஈக்கிறாய், எனக்குத் தெரியும். அமுக்கு."

விஜயகலா அமுக்கினாள். அறை போனது. வெற்றிடத்தில் படிக்கட்டு ஒரு தடங்கலும் இல்லாமல் உட்கார்ந்தது. நடுவில் ஒரு திருப்பம், தலைக்கு மேல் தாராளமான இடம். ஸாஹிரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சேவ் பண்ணு" என்றாள். யூபிஎஸ் எதுவும் கத்தவில்லை. ஆனாலும் இருவருக்கும் ஒரே நேரத்தில் டைல்ஸ் கடைக்காரர் ஞாபகம் வந்து, ஸுமைரா பயந்துபோகும் அளவுக்குச் சிரித்தார்கள்.

மேல்வீட்டை அன்று முடிக்க நேரம் போதவில்லை. கடைசி பஸ்ஸுக்கு முன் விஜயகலா கிளம்பினாள். மென்பொருளை ஸுமைராவின் லெப்டொப்பில் ஏற்றிக் கொடுத்தாள். மறுநாள் முதல் ஸாஹிரா தனியாக வரைந்தாள். இரண்டு கைக்கும் வேலை கொடுப்பது சிரமமாக இருக்கிறது என்று போனில் அலுத்துக்கொண்டாள். அளவு எழுத்துகள் தெரியவில்லை என்பாள், அளவுகோலைப் பெருக்கு என்பாள் விஜயகலா. சுவர்கள் பிரின்டில் வரவில்லை என்பாள், சுவர்கள் இருக்கும் லேயரில் பிரின்டர் குறி அணைந்திருக்கிறதா பார் என்பாள். அப்படியே மாடி முடிந்தது. ஸுமைராவின் குளியலறை, கீழ்க்குளியலறைக்கு நேர் மேலே வந்தது. பிரதேச சபையில் ப்ளேன் அனுமதியானது.

கொங்கிரீட் ஸ்லேப் போட்டு, அது இறுகிய பிறகு ஒரு நாள் விஜயகலாவை வரச்சொன்னார்கள். புதுப் படிக்கட்டில் ஏறிப் போனார்கள். சுவர்கள் வரவேண்டிய இடங்களை மேசன் பாஸ் சுண்ணாம்புக் கோடாகப் போட்டு வைத்திருந்தார். மேலே வெறும் வானம், சுற்றிலும் ரப்பர் மரங்களின் தலை. ஸாஹிரா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கோட்டில் விட்டிருந்த கதவு இடைவெளி வழியாக முதல் அறைக்குள் கூட்டிப்போனாள். இது ஹோல், இது மகள்ட ரூம் என்று காட்டினாள். வெயிலில் நின்றுகொண்டு இருவரும் அந்த அறைகளில் எதை எங்கே வைக்கலாம் என்று பேசத் தொடங்கினார்கள். கீழேயிருந்து லாபிர் சாப்பிடக் கூப்பிட்டது அவர்கள் காதில் விழவில்லை.