மருமகள் வைத்த ஒத்திகை

லிஃப்ட்காரருக்கு ஃபோனில் பேசுவதே பிடிக்காது. மறுமுனையில் இருக்கிறவன் பல்லைக் காட்டுகிறானா, பல்லைக் கடிக்கிறானா என்று யார் கண்டது? அப்படிப்பட்ட மனிதர், மறுநாள் பதினோரு மணிக்கு, மாவுக்கட்டுப் போட்ட காலோடு வீட்டில் உட்கார்ந்தபடியே ஆபீஸ் கூட்டத்தில் பேச வேண்டும்.

பேசாவிட்டால் கூட்டாளி நெட்டையன் வேலை போய்விடும். ஒரே பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் இருவரும் இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் பார்க்கிறவர்கள். போன வாரம் இவர் படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டதால் நெட்டையன் தனியாளாக இருந்தான். கண்ட்ரோல் பெட்டியில் பொறி பறந்ததைப் பார்த்து மெயினை நிறுத்திவிட்டான். ஆபீசுக்கு வந்த நாலு விருந்தாளிகள் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவே முக்கால் மணி நேரம் தொங்கினார்கள். பிறகு திறந்து பார்த்தால் பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. மேனேஜரைக் கேட்காமல் நிறுத்தியது திமிர் என்றது ஆபீஸ்.

நல்லவேளையாக மருமகளுக்கு இதுதான் பிழைப்பு. வெளியிலிருந்து கூட்டத்தில் பேசுகிறவர்களுக்கு முதல் நாளே ஒத்திகை வைத்துத் தயார் செய்வாள். ரெண்டு பாத்திரங்களைக் கவிழ்த்து, அவற்றின்மேல் லேப்டாப்பை வைத்தாள்.

"கோடு போட்ட சட்டை வேணாம் மாமா. திரையில புழு நெளியுற மாதிரி தெரியும்."

"கீழ அரைக்கால் டவுசர்தானே போட்டிருக்கேன், அது பரவாயில்லையா?"

"எந்திரிக்காத வரைக்கும் பரவாயில்ல. மாமா, என் மூஞ்சிய பாக்காதீங்க. மேல இருக்கிற அந்தக் கேமராப் புள்ளியைப் பாத்துப் பேசுங்க."

"ஓட்டையைப் பாத்துப் பேச எனக்கென்ன கிறுக்கா? சரி, நான் பேசும்போது அவனுங்க பொத்தானை அமுக்கி என் வாயை மூடிட்டா?"

"மூட முடியும்தான்" என்றாள் மருமகள், பொய் சொல்லாமல். "அதனாலதான் நெட்டை சித்தப்பாவைப் பின் வரிசையில உக்காரச் சொல்லியிருக்கேன். உங்க குரல் கேட்டா தலையைச் சொறிவாரு."

"அவன் எப்பவுமே சொறிஞ்சுக்கிட்டுதான் இருப்பான்."

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சொல்ல வேண்டியதை மூன்று பக்கத்துக்கு அவள் எழுதிக்கொடுத்தாள். எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்து அவர் மனப்பாடம் செய்தார்.

மறுநாள் கூட்டம் தொடங்கியது. திரையில் நீள மேசையும் பத்துப் பதினைந்து தலைகளும் எறும்பு மாதிரித் தெரிந்தன. கடைசியில் ஒரு நெட்டைத் தலை. லிஃப்ட்காரர் வணக்கம் சொல்லி, முதல் பக்கத்தைத் தடங்கலில்லாமல் ஒப்பித்தார். இரண்டாம் பக்கத்தில் கால் வைக்கும்போது, சுவரில் சார்ஜர் சொருகிய இடத்தில் 'சட்'டென்று ஒரு பொறி.

அவர் எழுந்தார். கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு, டவுசரோடு கூட்டத்துக்குத் தரிசனம் கொடுத்தபடி போய், மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினார். மின்விசிறி நின்றது. இன்டர்நெட்டும் போனது.

"மாமா! என்ன பண்ணீங்க?"

"பொறி தெரிஞ்சுதும்மா." சொன்ன பிறகுதான் அவர் முகம் சுண்டியது. "ஐயோ, அவன் பிழைப்பில மண்ணைப் போட்டுட்டேனே."

மருமகள் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. கைப்பேசியை எடுத்து, அதிலேயே கூட்டத்துக்குள் நுழைந்து, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, பாதியில போயிட்டீங்க?" மேனேஜர் குரலில் எரிச்சல்.

"சார்ஜர்ல பொறி வந்துச்சு. மெயினை நிறுத்திட்டேன்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு நிறுத்தியிருக்கலாமே?"

லிஃப்ட்காரருக்குச் சுருக்கென்றது. மனப்பாடம் செய்ததெல்லாம் பறந்துபோயிற்று.

"வாய் வரலைங்க, கைதான் முந்துச்சு. என் கூட்டாளி பொழப்பு இங்க தொங்குதுன்னு தெரிஞ்சும், ஒடஞ்ச காலோட எந்திரிச்சுப் போய் நிறுத்தினேன். அவன் அன்னிக்கு செஞ்சதும் இதேதான். பொறியைப் பாத்தா முதல்ல நிறுத்து, அப்புறம் பேசு. இத்தனை வருஷமா நாங்க ரெண்டு பேரும் அப்படித்தான் வேலை பாத்தோம். அந்த நாலு பேரும் தொங்கினாங்க, ஒத்துக்கிறேன். ஆனா எரியலையே! இதுக்குப் பேரு திமிர்னா, என்னையும் சேத்து அனுப்பிடுங்க."

ஒரு சத்தமும் இல்லை.

"என் வாயை மூடிட்டானுங்களா?" என்று கிசுகிசுத்தார்.

"இல்ல மாமா. யோசிக்கிறாங்க."

மேசையைச் சுற்றித் தலைகள் ஒன்றையொன்று நெருங்கி விலகின. மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். "சரி. அவரு திங்கட்கிழமை வேலைக்கு வரட்டும்."

மருமகளின் கண் பளபளத்தது. லிஃப்ட்காரர் அசையவில்லை.

"எழுத்துல குடுங்க."

"அதெல்லாம் சாயந்திரம் அனுப்பிடுவோம்."

"இப்பவே எழுதுங்க. நான் இங்கயேதான் இருக்கேன். கொஞ்சம் சீக்கிரம், என் மருமகளுக்குக் கை வலிக்குது."