அபர்டீனில் மூன்றரைக்கே இருட்டிவிடும்

பெண் கேட்டு வந்த மனிதர் தன் ஊரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

"மார்கழியிலை பின்னேரம் மூண்டரைக்கே இருட்டியிடும், அண்ணை. விடிய ஒன்பது மணியாகும் வெளிக்க. அதுவும் வெளிச்சம் எண்டு சொல்லேலாது."

குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்த அருமைநாயகியின் கை நின்றது. ஈஸ்ட் ஹாமில் அவளுடைய அண்ணன் பரமேஸ்வரனின் வீடு அது. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுத் தை மாதம், ஒரு சனிக்கிழமை காலை. முன்னறைச் சோபாவின் நுனியில், உட்கார்ந்தும் உட்காராததுமாக இருந்தார் சவிரிமுத்து. ஸ்கொட்லாந்தின் வடகிழக்கு மூலையிலிருந்து இரவு முழுக்கப் பஸ்ஸில் வந்தவர். ஏழு மணிக்கே லண்டனில் இறங்கிவிட்டாராம். அத்தனை வெள்ளனப் போய்க் கதவைத் தட்டுவது மரியாதையில்லை என்று பஸ் நிலையத்து வாங்குப் பலகையிலேயே இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வந்திருந்தார்.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. கப்பலில் இயந்திரம் திருத்தப் போனவர், அபர்டீன் துறைமுகத்தில் வேலை கிடைக்க அங்கேயே தங்கிவிட்டார். மனைவி இறந்து ஆறு வருடம்; பிள்ளைகள் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் மோர்டனில் நடந்த ஒரு கல்யாண வீட்டில் அவரும் அருமைநாயகியும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். அதன்பிறகு ஞாயிறுதோறும் நாலு மணிக்கு டெலிபோன் அடிக்கும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் தெரியாததுபோல் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைப்பார்கள்.

பரமேஸ்வரன் பொல்லாத மனிதரில்லை. எண்பத்துநாலில் ஊரிலிருந்து தங்கையைக் கூப்பிட்டு, மேல்மாடியின் சின்ன அறையைக் கொடுத்தவர் அவர்தான். கல்யாணப் பேச்சுகளும் நடந்தன. முதலில் சாதகம் பொருந்தவில்லை, பிறகு விசா பொருந்தவில்லை, பிறகு வயது. நாளடைவில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அண்ணி கலாவதிக்கு ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் என்பதால், அண்ணனின் மகள் துஷ்யந்தி, மாமி அருமைநாயகியின் கையணைப்பில்தான் தூங்கி வளர்ந்தாள். எது பாசம், எது வசதி என்று அந்த வீட்டில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டும் ஒன்றாய்ப் பின்னிக் கிடந்தன. அருமைநாயகியாலும் முடியாது.

"சமயமும் வேறை" என்றார் பரமேஸ்வரன்.

"ஓம். நான் அவவைச் சேர்ச்சுக்கு வரச்சொல்லிக் கேக்க மாட்டன். ஆனால் கோயில் எண்டு அங்கை ஒண்டும் இல்லை. அதையும் சொல்லத்தானே வேணும்." தமிழ்ச் சனம் என்று பார்த்தால் மதுரைப் பக்கத்து டொக்டர் குடும்பம் ஒன்று மட்டும்தான் தனக்குப் பழக்கம் என்றும் சொன்னார். "நல்ல மனிசர். ஆனால் அவையள் கெதியாய்க் கதைச்சால் எனக்குப் பாதி விளங்காது. கறிவேப்பிலை கிடையாது. மீன் கிடைக்கும்."

"மீன் நல்லதோ?" என்றாள் கலாவதி.

ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்பவர்போல அவர் தலையைக் குனிந்தார். "மீன் நல்லது."

அருமைநாயகிக்குச் சிரிப்பு வந்தது. டெலிபோனிலும் இப்படித்தான். ஒரு தடவை, அந்த ஊர் இங்கிலீசு எப்படியென்று கேட்டிருந்தாள். எங்கே குடியிருக்கிறாய் என்பதற்கு அங்கே 'வேர் டூ யூ ஸ்டே' என்றுதான் கேட்பார்களாம். நாலு நாள் தங்கிப் போக வந்தவன் என்று தன்னை நினைக்கிறார்களாக்கும் என்று ஒரு மாதமாக மனம் நொந்து திரிந்தாராம் மனிதர்.

பரமேஸ்வரன் தொண்டையைச் செருமினார். "கோவியாதையுங்கோ. உப்பிடியான ஊருக்கு என்ரை தங்கச்சி ஏன் வரவேணும்?"

 சவிரிமுத்து தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய்க் கறுப்பு ரேகைகளில் ஊறி, எவ்வளவு தேய்த்தும் போகாத கைகள்.

அருமைநாயகி மா அப்பிய விரல்களோடு வாசலில் வந்து நின்றாள். "அப்ப நீங்கள் ஏன் பதினாலு வருசமா அங்கை இருக்கிறியள்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கேள்வியை அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை போலும்.

"போன முதல் குளிருக்கை பனியிலை சறுக்கிக் கால் முறிஞ்சுபோச்சு" என்றார் மெல்ல. "அப்ப நான் தனி ஆள். மேல்வீட்டு மனிசிக்கு எண்பது வயதிருக்கும். ஆறு கிழமை ஒவ்வொரு நாளும் சூப் கொண்டுவந்தா. என்ரை பேரைக் கேட்டா. அதுக்கு மேலை ஒண்டும் கேக்கேல்லை. எந்த ஊர், ஆரின்ரை மகன், ஏன் தனிய இருக்கிறாய்... இண்டைவரைக்கும் அந்த ஊரிலை ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை, அண்ணை."

ஹை ஸ்ட்ரீட் நோர்த் கடைகளில் கத்தரிக்காய் பொறுக்கும்போது பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, 'ஒண்டும் சரிவரேல்லையோ?' என்று கேட்கும் பெண்களை அருமைநாயகி நினைத்துக்கொண்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்பவர்கள் இல்லை. எட்டு வருடமாகச் சிரித்துச் சிரித்தே பதில் சொல்லியிருக்கிறாள். அந்தச் சிரிப்பு எவ்வளவு களைத்துப்போயிருந்தது என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"அண்ணை, நான் போறன்."

வாசல் தாண்டிக் கடைக்குப் போவதென்றாலும் 'போயிட்டு வாறன்' என்றே சொல்லிப் பழகிய வீடு அது. கலாவதி திடுக்கிட்டுக் கணவனைப் பார்த்தாள். பரமேஸ்வரன் எழுந்து, சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

இரண்டு மணி நேரம் ஆள் வரவில்லை. சவிரிமுத்து இடியப்பத்தைத் தொடவில்லை. வீட்டுக்காரர் வரட்டும் என்றார். கடைசியில் கதவு திறந்தபோது பரமேஸ்வரனின் கையில் கம்பளிக் கோட் ஒன்று இருந்தது. கரும்பச்சை. அருமைநாயகியைப் போல இரண்டு பேரை உள்ளே விடலாம்.

"உள்ளுக்கை ரெண்டு ஸ்வெற்றர் போட இடம் வேணும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வந்தவர் பக்கம் திரும்பினார். "நீங்கள் இன்னும் சாப்பிடேல்லையே?"

பங்குனியில் பதிவுத் திருமணம் என்று முடிவாயிற்று. எட்டு வயதுத் துஷ்யந்திக்கு ஒரேயொரு கவலைதான். "மாமி, ஹூ வில் டூ மை ஹேர்?"

இடுப்பைத் தொடும் கூந்தல் அவளுக்கு. அதனால் கல்யாணத்துக்கு இருந்த ஆறு வாரமும், இரவு வேலை முடிந்து வரும் கலாவதி, செருகும் கண்ணோடு மகளுக்குப் பின்னல் போடப் பழகினாள். பக்கத்தில் இருந்து அருமைநாயகி காட்டிக்கொடுத்தாள். ஒரு நாள் மூன்றாம் தரம் பின்னலை அவிழ்த்தபோது கலாவதியின் கை அப்படியே நின்றுவிட்டது.

"மச்சாள், உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும். இந்தச் சம்பந்தம் சரிவரக்கூடாது எண்டு மனோர் பார்க் முருகனுக்கு நேர்ந்தனான்."

அருமைநாயகி சீப்பிலிருந்து முடியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பிறகு மனம் கேக்கேல்லை. போன வெள்ளி போய், அந்த நேத்திக்கடனை எடுக்கவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு வந்தன். ரெண்டு தரம் சொன்னன். அவருக்கு விளங்கியிருக்கும் என்ன?"

"விளங்கியிருக்கும்" என்றாள் அருமைநாயகி. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. நடுவில் இருந்த சிறுமி, முடி இழுபடுகிறது என்று முறையிட்டாள்.

கல்யாணத்துக்கு மறுநாள் கிங்ஸ் குரொஸ் நிலையத்தில் அண்ணன் பெட்டியை ஏற்றிவிட்டு, ரயில் புறப்படுமுன்பே திரும்பி நடந்துவிட்டார். வலப்பக்க யன்னலோரம் அவளை இருத்தினார் சவிரிமுத்து. நியூகாசிலும் தாண்டியது. பிறகு தண்டவாளம் வளைந்தது. வயல்கள் சட்டென்று அறுந்து, கீழே சாம்பல் நிறத்தில் கடல் வந்தது.

கரைமேட்டில் தனித்து ஒரு வீடு. அதன் பின்முற்றத்தில் ஒரு பெண், வாயில் இரண்டு கிளிப்புகளைக் கவ்வியபடி, வெள்ளைப் படுக்கை விரிப்பொன்றைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். காற்று அதைத் தூக்கி அவளுடைய தலையோடு சுற்றியது. அவள் துணிக்குள்ளேயே தடுமாறி, ஒரு முனையை எட்டிப் பிடித்தாள். மறுமுனை பறந்தது. அருமைநாயகி கண்ணாடியில் நெற்றியை ஒட்டி, அந்தப் பெண் மறுமுனையையும் பிடித்துவிடுகிறாளா என்று, வீடு மறையும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.