ஆறாவது கேள்வி

ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் படிந்த ஈரத்தை சத்யப்பிரியா துண்டால் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் தைலம்மாள் அத்தையின் ஓலம் கேட்டது. அப்பாவின் அக்கா. திருவதிகையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். பெட்டியின் மேல் விழுந்து ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, அம்மா தில்லையம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்புடிடி ஆச்சு? என்னா பண்ணுச்சு அவனுக்கு?"

"நெஞ்சு கரிக்குதுன்னாரு அண்ணி. இவ டூட்டிக்குப் போயி மூணு மணி நேரம் இருக்கும். தண்ணி கொண்டான்னாரு. சொம்போட வந்து பாக்கறேன், கட்டுல்ல தல சாஞ்சி கெடக்கறாரு. ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கினு ஓடுனோம். அங்க கைய விரிச்சிட்டாங்க."

'எஸ்' என்றது சத்யப்பிரியாவின் மனம். அறிகுறி. அப்பாவின் பிணத்துக்கு முன்னால் நின்றுகொண்டு இது என்ன புத்தி என்று அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

கடலூரில் அவள் ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர். சீருடையைக்கூட இன்னும் மாற்றவில்லை. பதற்றத்தில் நோயாளியிடம் எதையும் கேட்க மறந்துவிடாமல் இருக்கப் பயிற்சியில் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சாம்பிள். இங்கிலீஷில் ஆறு எழுத்து, எழுத்துக்கு ஒரு கேள்வி. என்ன பண்ணுகிறது, எது ஒத்துக்கொள்ளாது, என்ன மாத்திரை, பழைய வியாதி என்ன, கடைசியாக என்ன சாப்பிட்டார், இது வருவதற்கு முன்னால் என்ன நடந்தது. சாவு வீட்டுக்கு வருகிற சனத்துக்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை. இருந்தும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். என்ன, கொஞ்சம் தாமதமாகக் கேட்கிறார்கள்.

பரீட்சைக்கு அவள் படித்த மூன்று மாதமும் அப்பா பொன்னுரங்கம்தான் நோயாளி. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருந்தார். டோக்கன் கொடுக்கிற பெஞ்சிலேயே மல்லாந்து படுத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அலறுவார். வண்டி எடுக்க வந்தவர்கள் இரண்டு தடவை நிஜமாகவே அவர் முகத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். அவள் ஒரு கேள்வியை விட்டுவிட்டால் செத்துப்போன ஆள் ஒரு கண்ணைத் திறந்து, "எல்லு எங்கம்மா? கடைசியா என்னா சாப்ட்டன்னு கேக்கலியே?" என்பார். எந்தப் பதிலுக்கு அவள் வண்டியில் ஏற்றுவாள், எதற்கு வீட்டிலேயே விடுவாள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. "வலி பத்துக்கு அஞ்சுன்னா ஏத்திடுவ. ரெண்டுன்னா உட்டுடுவ. சரிதான?" என்று ஒருநாள் கேட்டுச் சிரித்தார்.

இன்று காலை ஐந்தேகாலுக்கு அவள் கிளம்பியபோது அப்பா ஈரத் தலையோடு கண்ணாடி முன் நின்று விபூதி பூசிக்கொண்டிருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"என்னப்பா, இந்நேரத்துக்கே குளிச்சிட்ட?"

"திருவாதிரை இல்ல இன்னைக்கி. கோயிலுக்குப் போறேன். லேசா வாயு. நெஞ்சு கரிக்குது."

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு ஆறையும் கேட்டாள். அவர் மளமளவென்று ஒப்பித்தார். ராத்திரி இட்லி, நல்லா செரிச்சிடுச்சி. கையில வலி இல்ல. தூக்கம் நல்ல தூக்கம். மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி கொஞ்சம் வேகம். தோல் ஈரமாக, சில்லென்று இருந்தது. குளித்த உடம்பு அப்படித்தானே இருக்கும்?

"பத்துக்கு எத்தினி?"

"ரெண்டு. போம்மா, பஸ் போயிடும். நீ போவலன்னா உன் வண்டி நிக்கும்."

பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அவர் பெருமையடிக்கிற வாக்கியம் அது. சாயந்திரம் ஈசிஜி எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். கடலூரில் அன்றைய முதல் நோயாளியிடம் மாத்திரையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

அப்போதிலிருந்து ஒரே எண்ணம்தான். எதையோ கோட்டை விட்டிருக்கிறேன். எதை? தெரிந்தே ஆகவேண்டும் என்று துடித்தாள். தெரிந்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

கடலூர் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள், மழைக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று வெளியே ஆண்கள் அவசரப்பட்டார்கள். மதியம் இரண்டு மணிக்கே கூடத்தில் விளக்குப் போடவேண்டியிருந்தது.

எதிர்வீட்டு ஸ்ரீமதி டீ கொண்டுவந்தாள். "சுகரு எதனா இருந்துச்சாக்கா? மாத்திர சாப்ட்டாரா?"

"சுகர்லாம் இல்ல. பிரசருக்கு ஒண்ணு. ஒரு நாள் தவற மாட்டாரு."

அத்தை ஒரு பெருமூச்சு விட்டாள். "ராத்திரி என்னாடி சாப்ட்டான்?"

"ரெண்டு இட்லி. அதுவும் தங்கல. மூணு மணிக்கு எழுந்து பூராத்தையும் வாந்தி எடுத்துட்டாரு."

சத்யப்பிரியாவின் கையிலிருந்த துண்டு கண்ணாடி மேலேயே நின்றது. அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். ஓடிப்போய் அத்தையின் வாயைப் பொத்தலாம் போலிருந்தது.

"அப்பறம்? அதுக்கப்பறம் என்னா பண்ணான்?"

"வேர்த்து ஊத்துச்சு அண்ணி. பனியன் தொப்பலா நனஞ்சிடுச்சி. நானும் பாவி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்னேன். விடிஞ்சா சரியாப்பூடும்னாரு. இவ எழுந்திருக்கற நேரமாச்சா, போயி ரெண்டு கொடம் தண்ணிய எடுத்து ஊத்திக்கினாரு."

"பச்சத் தண்ணியவா? எதுக்குடி?"

"வேர்வையப் பாத்தா புள்ள கண்டுபிடிச்சிடும்னாரு. டூட்டிக்குப் போவாம ஒக்காந்துக்கும்னாரு. சொல்ல மாட்டேன்னு எந்தலையில கைய வெச்சி சத்தியம் வாங்குனாரு. நானும் வாயத் தொறக்..."

தில்லையம்மாள் பாதியில் நிறுத்தினாள். தான் சொன்னது அப்போதுதான் தன் காதிலேயே விழுந்தது போலிருந்தது. மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தாள். சத்யப்பிரியா பெட்டிக்குள் பார்த்தாள். படுபாவி, நான் சொல்லிக் கொடுத்த பாடத்தை வைத்தே என் கண்ணில் மண்ணைத் தூவினாயே என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. பெட்டியைத் திறந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. அதற்குள் ஆண்கள் உள்ளே வந்துவிட்டார்கள். வெளியே பறை வேகமெடுத்தது.

பாடையைத் தெருமுனை வரை பார்த்துவிட்டுப் பெண்கள் திரும்பினார்கள். வீட்டைக் கழுவிவிட்டார்கள். முதல் தூறல் விழுந்தபோது அம்மாவும் மகளும் மட்டும் பின்கட்டில் இருந்தார்கள். தில்லையம்மாள் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட அவள் பல்லில் படவில்லை.

"சத்யா."

"சொல்லும்மா."

"நீ கௌம்பறப்ப நான் சொல்லியிருந்தா?"

அவளுக்குப் பதில் தெரியும். மூன்று மணிக்கு ஆரம்பித்தது, இதயம் எட்டு மணிக்குத்தான் நின்றது. ஐந்து மணி நேரம். ஆஸ்பத்திரி பத்து நிமிஷத்தில். இதே போல வேர்த்து, இதே போல வாந்தியெடுத்து, அவள் வண்டியில் படுத்துப் போய், பத்தாம் நாள் வீட்டுக்கு நடந்து வந்தவர்களின் முகம் வரிசையாக வந்தது. அதில் ஒருவர் இப்போதும் வாரம் தவறாமல் போன் செய்கிறார்.

அம்மா கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இனி இருக்கிற காலம் முழுக்க இவள் இந்தக் கல்லிலேயே உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றியது.

"சொல்லியிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதும்மா. பெரிய அட்டாக்கு. என் வண்டியே வாசல்ல நின்னிருந்தாலும் இதான்."

"நெசமாவா?"

"நெசமாதாம்மா."

அப்பா காலையில் சொன்னது போலவே, கண்ணைப் பார்த்து, யோசிக்காமல் சொன்னாள். தில்லையம்மாள் எழுந்து குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். உள்ளே வந்து, ஸ்ரீமதி நீட்டிய டம்ளரை இந்தத் தடவை வாங்கிக்கொண்டாள்.

மழை வலுத்தபோது வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அம்மாவின் தங்கை செல்லாயி, கடலூர் முதுநகரிலிருந்து. பஸ் கிடைக்காமல், மாமா முகத்தைக்கூடப் பார்க்கக் கொடுத்துவைக்காமல் வந்து சேர்ந்திருந்தாள். அக்காவைக் கட்டிக்கொண்டு கதறினாள். கதறல் அடங்கியதும் கேட்டாள்.

"எப்புடிக்கா? என்னாக்கா பண்ணுச்சு மாமாவுக்கு?"

"நெஞ்சு கரிக்குதுன்னாரு செல்லாயி." தில்லையம்மாளின் குரல் இப்போது திடமாக இருந்தது. "முன்னாடியே தெரிஞ்சிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதாம். நம்ம சத்யாவே சொல்லிடுச்சி. எத்தினி பேரைப் பாத்திருக்குது, அதுக்குத் தெரியாததா?"

செல்லாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அப்டியாம்மா சத்யா?"

"ஆமா சித்தி" என்ற சத்யப்பிரியா, சுவரோரம் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றை உருவி, அதன் மேலிருந்த சாரல் தண்ணீரைக் கையால் வழித்துவிட்டு, சித்தி உட்காருவதற்குப் போட்டாள்.