கார்மக் டேலி இறந்த அறை

பாடகன் கார்மக் டேலி செத்துப்போனது டெர்வ்லாவின் விடுதியில்தான். டோனகல் கடற்கரையில், குளிர்காலம் வந்தால் நாய்கூட நடமாடாத எங்கள் ஊரில், அவளும் அவள் கணவன் கானலும் நடத்திவந்த சின்ன விடுதி அது. பாதி அயர்லாந்து பைத்தியமாய்க் கேட்ட குரல் அவனுடையது. ஊர் மண்டபத்தில் பாடிவிட்டு வந்து படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை. சாப்பாடு ஆறிப்போகிறதே என்று கதவைத் தட்டப் போனவள் டெர்வ்லா.

இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். பத்திரிகைகள் அதோடு விடவில்லை. மது என்றது ஒன்று, மாத்திரை என்றது இன்னொன்று.

முதலில் வாசலில் பூக்கள் குவிந்தன. பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். "அந்த அறை கிடைக்குமா?" என்று ஒரு ஜெர்மன் ஜோடி கேட்டபோது டெர்வ்லா கதவைச் சாத்தப் போனாள். கானல் குறுக்கே கையை வைத்துத் தடுத்து, "உள்ள வாங்க" என்றான்.

அன்று சமையலறையில் சண்டை.

"செத்தவன் படுக்கையை வாடகைக்கு விடறியே, உனக்குக் கூசல?"

"அவன் பாட்டை விக்கிற கம்பெனிக்குக் கூசிச்சா? அடக்கம் முடியறதுக்குள்ள புது ஆல்பம் போட்டுட்டான். பேப்பர்காரன் அவன் மூஞ்சியைப் போட்டுப் போட்டு வித்தான். எல்லாரும் தின்னு ஏப்பம் விட்டாச்சு, நாம மட்டும் விரதமா? போலீஸ் வந்து மாடியைப் பூட்டினப்போ, தங்கியிருந்தவங்க பெட்டியைத் தூக்கிட்டு ஓடினப்போ, எவனாவது நம்மள என்னன்னு கேட்டானா?"

மாடிக் கூரை வெகுநாளாக ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த வசந்தத்தில், அந்த அறை வாடகையில் அதைச் சரிசெய்தார்கள்.

வெறும் கட்டிலைப் பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துபோவதாகக் கானலுக்குத் தோன்றியது. பழைய சாமான் கடையிலிருந்து ஒரு கிதார் வாங்கிவந்து மூலையில் சாய்த்தான். பாதி காலியான விஸ்கி பாட்டில் ஒன்று. சாம்பல் கிண்ணத்தில் நசுக்கிய சிகரெட் ஒன்று. "எதையும் தொடல, அப்படியே வெச்சிருக்கோம்" என்பான், குரலைத் தாழ்த்தி. பெண்கள் அழுவார்கள். டெர்வ்லா அவற்றைத் தூசி துடைத்து, பழையபடி அதே இடத்தில் வைப்பாள்.

நவம்பரில் ஒரு மதியம் பிலமீனா ரோச் என்ற வயதான பெண்மணி வந்தாள். அந்த அறைதான் வேண்டும் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தாள். கறுப்புக் கோட்டு, சின்னக் கைப்பை. கானல் வழக்கமான பேச்சோடு அறையைச் சுற்றிக் காட்டினான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள். அவன் இறங்கிப் போனபிறகு, தேநீர் கொண்டுவந்த டெர்வ்லாவிடம் சாம்பல் கிண்ணத்தைக் காட்டினாள்.

"இது யாரோடது கண்ணு?"

"அவர்... அவர் வெச்சிட்டுப் போனது."

"அவனுக்குச் சின்னப் பிள்ளையிலேர்ந்தே இழுப்பு. பக்கத்துல ஒருத்தர் பத்தவெச்சாலே மூச்சு முட்டும். கொட்டற மழையிலயும் அவன் அப்பா வெளிய நின்னுதான் புகைபிடிப்பாரு."

டெர்வ்லா தேநீர்த் தட்டை மேசையில் வைத்தாள்.

"நீங்க அவரோட..."

"அம்மா. ரோச்ங்கறது எங்கப்பா வீட்டுப் பேரு. டேலின்னு சொன்னா அறை குடுக்க மாட்டீங்கன்னு நினைச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "இல்லேன்னா, என்னையும் ஃபோட்டோ எடுத்து மாட்டிடுவீங்களோன்னு."

அவள் கத்தியிருந்தால் டெர்வ்லாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"முதல்ல பார்த்தது யாரு?"

"நான்தாம்மா."

"எப்படிப் படுத்திருந்தான்? டாக்டர் இதயத்தைப் பத்திப் பேசினாரு. போலீஸ் மாத்திரையைப் பத்திப் பேசினாங்க. பிள்ளை எப்படிப் படுத்திருந்தான்னு எவரும் சொல்லல."

டெர்வ்லா சுவரைக் காட்டினாள். "அந்தப் பக்கம் திரும்பி, முழங்காலை மடக்கிட்டு, ஒரு கை கன்னத்துக்கு அடியில. தூங்கறார்னு நினைச்சுக் கூப்பிட்டேன். தொட்டா ஜில்லுனு இருந்தது. போர்வை நழுவிக் கிடந்தது. இழுத்துப் போர்த்திட்டுத்தான் கீழ ஓடினேன். ஏன் போர்த்தினேன்னு எனக்கே தெரியல."

"போர்த்திவிட்டியா," என்றாள் அந்தத் தாய்.

பிறகு அவள் காலணியைக் கழற்றி, கோட்டோடு, அதே சுவரைப் பார்த்துப் படுத்தாள். டெர்வ்லா கிதாரையும் பாட்டிலையும் கிண்ணத்தையும் அள்ளிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

மறுநாள் காலை அந்தப் பெண்மணி முழு வாடகையையும் நீட்டினாள். டெர்வ்லா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வாங்கிக்கோ. போர்த்திவிட்டியே, அதுக்கு நான் உனக்குக் கடன்பட்டிருக்கேன். இந்த அறைக்கும் சேர்த்துக் கடன்பட என்னால ஆகாது."

பேருந்து கிளம்பிப் போனதும் டெர்வ்லா அறையைப் பூட்டினாள்.

"இனிமே இதை யாருக்கும் விடறதில்ல," என்றாள் கானலிடம்.

வந்துபோனது கார்மக்கின் அம்மா என்று அவள் சொன்னபோது அவன் முகம் வெளுத்தது. மறுநாள் கெஞ்சினான், கோடைவரை ஆட்கள் பதிந்துவைத்திருக்கிறார்களே என்று. பிறகு கத்தினான். பிறகு அடங்கிப்போனான். ஜெயித்துவிட்டதாக டெர்வ்லா நினைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தேவாலயப் பூசை முடிந்து வந்தபோது மாடியில் அழுகைச் சத்தம். நடைக்கோடியில் இருந்த அறை திறந்திருந்தது. இதுவரை யாரும் இறக்காத அறை. அதன் கதவில் கார்மக் இருந்த அறையின் எண் தகட்டைத் திருகாணி போட்டு முடுக்கியிருந்தான் கானல். உள்ளே கார்க் நகரிலிருந்து வந்த ஒரு இளம்பெண் கட்டிலருகே மண்டியிட்டுத் தேம்பிக்கொண்டிருந்தாள். கானல் சன்னலோரம் நின்று, மனைவியின் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்தான்.

"நீங்கதானே அவரைப் பார்த்தது?" அந்தப் பெண் கண்ணைத் துடைத்தபடி கேட்டாள். "ஒரு மெழுகுவத்தி ஏத்திக்கட்டுமா?"

இது அந்த அறையில்லை என்று சொல்ல டெர்வ்லா வாயெடுத்தாள். அந்தப் பெண்ணின் மூக்கு சிவந்து, உதடு நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஏத்திக்கோம்மா," என்றாள். "திரைச்சீலை பக்கம் மட்டும் வேணாம்."

விடுதி இப்போதும் நடக்கிறது. மாடியில் படுக்கை விரிக்கக் கானல் வேறு ஆள் வைத்திருக்கிறான். டெர்வ்லா சமையலறையோடு சரி.