முக்கால் நிமிடம்

"அம்மா, மிச்ச முக்கால் நிமிஷம் எங்க போச்சு?"

ஐந்து வயதில் மகள் ஒரு நாள் கேட்டாள். பள்ளி விடுமுறை என்று அம்மாவோடு தையல் ஆலைக்கு வந்திருந்தாள். பொத்தான் தைக்கிறவர்களின் முதுகுக்குப் பின்னால் அம்மா ஸ்டாப்வாட்சோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. அம்மா பதினைந்து வினாடிக்கு எத்தனை பொத்தான் என்று எண்ணுவாள், நான்கால் பெருக்குவாள், எழுதுவாள், அடுத்த மெஷினுக்குப் போவாள். நூல் அறுவதும் தண்ணீர் குடிப்பதும் அந்தப் பதினைந்து வினாடிக்குள் வருவதில்லை.

"அது கணக்குக்குள்ள இருக்குடி" என்றாள் அம்மா. வரிசை முழுக்கச் சிரித்தது. ஆலையில் அவளுக்கு 'டைம் அக்கா' என்று பெயர்.

கேள்வி கேட்டவள் கல்யாணமாகி வேறு ஊர் போய்விட்டாள். டைம் அக்கா இப்போது ஆண்கள் வார்டில், கணவனின் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். காலையில் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தவளைக் கூப்பிட்டார்கள்: பக்கத்து வீட்டுக்காரர் போன். வாசல்படியில் மயங்கி விழுந்தவரை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்துவிட்டதாகச் சொன்னார்.

கணவர் அதே ஆலையில் துணி வெட்டுகிற மாஸ்டர். மூன்று வாரத்துக்கு முன் இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடி, இதே வார்டில் படுத்துவிட்டுப் போனவர். அன்று வீட்டுக்கு அனுப்பும்போது, இப்போது கட்டிலருகே நிற்கிற இதே நர்ஸ்தான் சின்ன வெள்ளை மாத்திரைகளையும் ஒரு நோட்டையும் கையில் கொடுத்துச் சொன்னாள்:

"இது துடிப்பை அடக்குற மாத்திரைம்மா. அளவு கொஞ்சம் மிஞ்சினாலும் ஆளையே அடக்கிடும். தினமும் போடுறதுக்கு முன்னாடி மணிக்கட்டுல விரலை வச்சு எண்ணணும். முழுசா ஒரு நிமிஷம். இவருக்கு ஓட்டம் ஒரே சீரா இருக்காது, கொஞ்ச நேரம் ஓடும், கொஞ்ச நேரம் நிக்கும். அறுபதுக்குக் கீழ வந்தா மாத்திரை குடுக்காதீங்க, எங்களுக்குப் போன் பண்ணுங்க. வாந்தி வந்தாலும், வெளிச்சம் மஞ்சளாத் தெரிஞ்சாலும் சொல்லணும். புரியுதா?"

"எனக்கா எண்ணத் தெரியாது சிஸ்டர்? அதுதானே என் பொழைப்பே" என்றாள் அவள்.

"ஆமா சிஸ்டர், என் மூச்சுக்கே டார்கெட் போட்டுருவா" என்றார் மாஸ்டர். நர்ஸும் சிரித்தாள்.

இன்று நர்ஸ் சிரிக்கவில்லை. நோட்டைப் புரட்டினாள்.

"இன்னைக்குக் காலையில அறுபத்தி நாலுன்னு எழுதியிருக்கீங்க. இங்க வரும்போது நாற்பத்தி நாலும்மா. முழு நிமிஷம் எண்ணினீங்களா?"

காலை ஆறு இருபதுக்கு ஆலை வண்டி தெருமுனையில் இரண்டு நிமிடம்தான் நிற்கும். விட்டால் அரை நாள் சம்பளம் போச்சு. ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறுகை விரல்கள் அவர் மணிக்கட்டில். பதினைந்து வினாடியில் பதினாறு. நான்கால் பெருக்கினாள். இருபத்திமூன்று நாளும் அப்படித்தான்.

"எண்ணினேன் சிஸ்டர்" என்றாள்.

"அப்புறம் எப்படி..."

"நான்தான் சிஸ்டர்." கட்டிலிலிருந்து மாஸ்டரின் குரல் வந்தது. "இவ போனதும், போட்டேனா இல்லையான்னு சந்தேகம். இன்னொண்ணையும் முழுங்கிட்டேன்."

"ஏன் ஐயா, அது என்ன மிட்டாயா?" நர்ஸ் அவரைப் பிடித்து உலுக்காத குறைதான். டாக்டர் வந்தார், கேட்டார், சீட்டில் எழுதினார். "கூடுதலா ஒண்ணு போனதோட வேலை. வழக்கமான அளவுல தப்பில்ல. ரெண்டு நாள் நிறுத்தி வச்சுட்டு, மறுபடி பழையபடி தினம் ஒண்ணு. சாயங்காலம் வந்து சீட்டு எழுதித் தர்றேன்."

அவர்கள் நகர்ந்ததும் அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, நிஜமாவே ரெண்டு போட்டீங்களா?"

"உன் விரல் என் கையிலதானே இருந்துச்சு. எனக்குத் தெரியாதா நீ எவ்வளவு நேரம் புடிச்சேன்னு?" அவர் கண்ணை மூடிக்கொண்டார். "விடு. திட்டு வாங்குறது எனக்குப் பழக்கம். நீ வாங்கினா மூஞ்சி சுருங்கிப்போயிடும்."

கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் நோட்டோடு எடுத்துவந்து கொடுத்த மாத்திரை அட்டையைக் கைப்பையிலிருந்து எடுத்தாள். கொடுத்தது முப்பது மாத்திரை. அட்டையில் மிச்சம் ஏழு இருந்தது. விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு மறுபடி எண்ணினாள். ஏழுதான். இருபத்திமூன்று நாளுக்கு இருபத்திமூன்று. ஒன்றுகூட அதிகம் போகவில்லை.

அப்படியென்றால் தினம் ஒன்றே இவருக்கு அதிகம். அதையேதான் மறுபடி எழுதித் தரப்போகிறார்கள்.

முந்தாநாள் வாந்தி எடுத்தார். "டியூப்லைட்டைச் சுத்தி மஞ்சளா வட்டம் போடுது" என்றார். "பித்தம்" என்று சொல்லி, எலுமிச்சைச் சாறு பிழிந்து கொடுத்துவிட்டு வண்டிக்கு ஓடினாள்.

கடவுளே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை.

அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினாள். முதல் பதினைந்து வினாடியில் பதினைந்து. அப்புறம் ஒரு துடிப்பு வரவே இல்லை. அவள் விரலை எடுக்கவில்லை. பிறகு ஒன்று வந்தது. நீண்ட இடைவெளி விட்டு இன்னொன்று. முள் முழுச் சுற்று வந்தபோது நாற்பத்தி ஆறு.

நோட்டை எடுத்தாள். 64, 68, 60, 72, 64. பக்கம் முழுக்க நாலாம் வாய்ப்பாடு. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் 'கால் நிமிடம்' என்று எழுதினாள். இருபத்திமூன்று முறை. அடியில் எழுதினாள்: 'அவர் கூடுதலாகப் போடவில்லை. மாத்திரை அட்டை உள்ளே இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். முந்தாநாள் வாந்தி, வெளிச்சம் மஞ்சள். சொல்லாமல் விட்டதும் நான்தான். இப்போது முழு நிமிடம் எண்ணினேன், 46. அவருக்கு அளவைக் குறைக்க வேண்டும். அவர் எனக்காகப் பொய் சொன்னார், அவரைத் திட்டாதீர்கள்.'

வார்டின் கோடியில் நர்ஸின் மேசை காலியாக இருந்தது. நாற்பது கட்டிலுக்கு அவள் ஒருத்திதான். எங்கேயோ யாரோ கூப்பிட்டு எழுந்து போயிருக்கிறாள். டாக்டர் வந்ததும் கேட்கும் சீட்டுக் கட்டின் மேல் நோட்டை விரித்து வைத்து, அட்டையை நடுவில் செருகினாள்.

பக்கத்தில் ஒரு சாப்பாட்டு டப்பா திறந்து கிடந்தது. ஓரத்தில் ஒரே ஒரு கவளம் எடுத்த பள்ளம். சோறு காய்ந்து விறைத்திருந்தது. கரண்டி மேசையில் கிடந்தது. மணி நான்கு ஆகப்போகிறது.

அவள் சுற்றிப் பார்த்தாள். யாரும் இல்லை. கரண்டியைக் குழாயில் கழுவி முந்தானையில் துடைத்து வைத்தாள். ஈ உட்காராமல் டப்பாவை மூடியால் அழுத்தி மூடிவிட்டு, கட்டிலுக்குத் திரும்பி நடந்தாள்.