நாற்பதடி, மூன்று கிலோமீட்டர்

பீளமேட்டைத் தாண்டி, அவிநாசி சாலையிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளிப் போட்ட மனைப்பிரிவில் பொற்கொடியின் வீடுதான் கடைசி. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இறந்து ஆறு வருடம். மகள் துபாயில். தெருவில் பாதி மனைகள் இன்னும் காலியாகவே கிடந்தன.

பின்பக்கத்து வில்லா குடியிருப்பில் ராமாமணி தனியாக இருந்தார். நடுவில் நாற்பதடிப் பொட்டல். அதைக் கடந்து போய்வந்துதான் இருவருக்கும் பழக்கம். மாலையில் இருவரும் சேர்ந்து நடப்பார்கள். போன ஆடியில் குடியிருப்புச் சங்கம் பாதுகாப்புக்கென்று எட்டடிச் சுவர் எழுப்பியது. தெரு அதில் முட்டி நின்றுவிட்டது. ராமாமணியின் வாசலுக்குப் போக இனி பெரிய சாலைக்கு வந்து மூன்று கிலோமீட்டர் சுற்ற வேண்டும். அவருக்கு முழங்கால் வலி. இவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அவரவர் மொட்டைமாடியில் நின்றபடி கைபேசியில் பேசிக்கொண்டார்கள்.

"ஏனுங்கக்கா, இன்னைக்கு என்ன சமையலுங்க?"

"ஒருத்திக்கு என்னத்தக் கண்ணு சமைக்கறது? தயிர்சோறுதான்."

ஒரு வியாழக்கிழமை மாலை ராமாமணி மாடிக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. வெள்ளி காலையில் பார்த்தால், கொடியில் காயப்போட்ட துணி மழையில் நனைந்து தொங்கியது. பொற்கொடி சுவரோரம் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் இல்லை. அவர் மகனின் எண்ணும் அவளிடம் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. கேட்டில் காவலாளி மறித்தார்.

"அவங்க போன்ல அப்ரூவல் குடுத்தாத்தானுங்கம்மா உள்ள விட முடியும்."

"போனே எடுக்கலைன்னுதானுங்க நடந்து வந்திருக்கேன்!"

"என்ற வேல போயிருமுங்க."

பொற்கொடி தடுப்புக் கம்பிக்கு அடியில் குனிந்து உள்ளே நடந்தாள். கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தவர், வீடு உள்தாழ் போட்டிருப்பதைப் பார்த்ததும் தானே சமையலறைக் கதவை உடைத்தார்.

குளியலறைத் தரையில் ராமாமணி கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. நினைவு இருந்தது.

"வந்துட்டியா கண்ணு? காலைல நீ கூப்பிட்டது கேட்டுச்சு. எனக்குத்தான் சத்தம் வரல."

ஆம்புலன்ஸ் வரும்வரை பொற்கொடி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அறுவை சிகிச்சை முடிந்ததும் மகன் வந்து அவரை ஹைதராபாத்துக்கு அழைத்துப் போய்விட்டான். சுவரில் ஒரு சின்ன வழியாவது விடும்படி பொற்கொடி சங்கத்துக்கு எழுதினாள். வெளியாட்கள் நுழைய இடம் தர முடியாது என்று ஒரு வரியில் பதில் வந்தது.

இப்போது மாலையில் அவள் பெரிய சாலைப் பேருந்து நிறுத்தம்வரை நடக்கிறாள். அங்கே நாலு பேர் நிற்பார்கள். யாராவது மணி கேட்டால் சொல்வாள். பேருந்து வந்து எல்லோரும் ஏறிக்கொண்ட பிறகு வீட்டுக்குத் திரும்புவாள்.