வறட்சிப் பொட்டலம்

எண்ணெய் வழிகிற மூஞ்சி என்று யாராவது சொன்னால் அப்போதெல்லாம் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆறுமுகநயினார் வாத்தியாரின் நாடகக் கம்பெனியில் நாலு வருஷமாக நான்தான் ராணி. இந்தக் குத்தாலிங்கம் சேலை கட்டி வந்து நின்றால் தென்காசிக் கொட்டகையில் பொம்பளைகளே வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, என்ன செய்ய.

அந்த வருஷம் சீசனுக்குக் குற்றாலத்தில் கொட்டகை போட்டோம். சொல்லிவைத்த மாதிரி அப்போதுதான் என் கன்னம் முழுக்கப் பரு கிளம்பியது. தினமும் அரிதாரம் பூசி, அதைத் தேங்காயெண்ணெயால் துடைத்ததில் வந்த வினை. தோழி வேஷம் கட்டுகிற செல்லப்பாவுக்கும் பரு. ஆனால் அவன் முகத்தில் எவ்வளவு எண்ணெய் தேய்த்தாலும் கொஞ்ச நேரத்தில் வெள்ளை பூத்துவிடும்.

வாத்தியார் இரண்டு பேர் மோவாயையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாடகத்துக்குப் பத்து நாள் இருக்கு. அன்னைக்கு எவன் மூஞ்சி தெளிஞ்சிருக்கோ அவன்தான் ராணி. சைதூன் பீவி கடைக்குப் போங்கலே," என்றார்.

ராணி போனால் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

தென்காசிச் சந்தைப் பக்கம் சைதூன் பீவிக்கு நாட்டு மருந்துக் கடை. எங்கள் நெற்றியில் ஆளுக்கொரு மெல்லிய காகிதத்தை ஒற்றி எடுத்தாள். என் காகிதம் வடை மடித்த காகிதம் மாதிரி நனைந்திருந்தது. செல்லப்பாவினுடையது காய்ந்தபடியே வந்தது.

"ரெண்டு பேருக்கும் பருதான், ஆனா தோல் வேற வேற. ஒரே மருந்து ஆவாது," என்று சொல்லி இரண்டு பொட்டலம் கட்டினாள். ஒன்றில் 'எண்ணெய்' என்றும் மற்றதில் 'வறட்சி' என்றும் எழுதி என் கையில் கொடுத்தாள். "தண்ணியில குழைச்சு ரெண்டு வேளையும் போடுங்க. அவங்கவங்களுக்கு உள்ளத அவங்கவங்க எடுத்துக்கிடுங்க."

"எம்பொட்டலம் எதுண்ணே?" என்று வண்டியில் செல்லப்பா கேட்டான். அவனுக்கு எழுத்து வாசனை கிடையாது. பாட்டும் வசனமும் காதால் கேட்டே பாடம். நான் மூளையைக் கசக்கினேன். என் முகமோ எண்ணெய். அது வறள வேண்டும். ஆக 'வறட்சி' எனக்கு, 'எண்ணெய்' அவனுக்கு. இதிலென்ன சந்தேகம்?

நாலாம் நாள் என் பரு இரட்டித்தது. செல்லப்பாவின் முகம் பழைய சுவரில் சுண்ணாம்பு உதிர்வது போல் உரிந்தது. சண்டை போடவே தனியாகச் சைதூன் பீவி கடைக்குப் போனேன்.

"எந்தப் பொட்டலத்தப் போட்டலே?"

"வறட்சி. மூஞ்சி வறளணும்லாக்கா?"

அவள் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "கூறுகெட்ட பயலே, வறட்சின்னு எழுதினது மூஞ்சியப் பாத்து. மருந்தப் பாத்தா எழுதுவாவ? அதுல வாதுமையும் கசகசாவும் கெடக்கு, காஞ்ச மூஞ்சிக்கு. பயறும் வேப்பிலையும் இடிச்சதுதான் உனக்கு."

"இப்ப மாத்திக்கிட்டா?"

"காஞ்ச மூஞ்சி அஞ்சு நாள்ல தேறிரும். ஒம் மூஞ்சி அடங்கப் பதினஞ்சு நாளாவது ஆவும்."

நாடகத்துக்கு ஆறே நாள். மாற்றினால் அவன் ராணி. மாற்றாவிட்டால் அவன் முகம் இன்னும் உரியும், ராணி நான்தான். ஒரு வார்த்தை பேச வேண்டாம், சும்மா இருந்தால் போதும். வண்டி குற்றாலம் வந்து சேருகிறவரை சும்மா இருப்பதென்றே முடிவு செய்திருந்தேன்.

செல்லப்பா அருவிக்கரையில் உட்கார்ந்து மருந்து குழைத்துக்கொண்டிருந்தான். கண்ணில் நீர் கட்டி நின்றது.

"எரியுதுண்ணே. நீ பாத்துக் குடுத்த மருந்துதான, கூடக் கொஞ்சம் அப்பினா சரியாப் போயிரும்லா?"

எனக்கு அவமானமாக இருந்தது. அவன் கையைத் தட்டிவிட்டு, கழுத்தைப் பிடித்து அருவிக்குள் தள்ளினேன்.

"மூஞ்சியக் கழுவுலே மொதல்ல. நான் மாத்திக் குடுத்துட்டேன். வேணும்னு இல்ல, எம் புத்தி அவ்வளவுதான்."

அவன் நனைந்தபடி என் கன்னத்தைப் பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

நாடகத்தன்று செல்லப்பா ராணி. எனக்கு ராணியின் தகப்பன் வேஷம், நெஞ்சுவரை தாடி. பரு அதற்குள் ஒளிந்துகொண்டது. தாடி ஒட்டிய பசைதான் அரித்துக் கொன்றது. காட்டுக்கு அனுப்பப்பட்ட ராணி அழுதுகொண்டே வந்து என் காலில் விழுந்தாள். கொட்டகையே மூக்கை உறிஞ்சியது. நான் தோளைத் தொட்டுத் தூக்கினேன். தேம்பலுக்கு நடுவே என் காதில் கேட்டாள்:

"பரு தெரியுதாண்ணே?"

நாலு வருஷம் நானும் ஒவ்வொரு நாடகத்திலும் இதே பயத்தோடுதான் நின்றிருக்கிறேன். கேட்க ஆள்தான் இருந்ததில்லை.

"ராணிக்கு ஏதுலே பரு," என்றேன். "நீ அழு."